விளக்குப் போடாத வண்டி

அத்தியாயம் 11

"வண்டி என் பேர்லதான் மாறணும், அத்த. அதுல ஒண்ணும்—"

"ஓட்டறவன் ஒருத்தன், பேரு ஒருத்திக்கா? ஊர் உலகத்துல எங்கனா—"

"நான் சொல்லி முடிச்சிடறேன்—"

"நீ முடிக்கறதுக்குள்ள பத்தரை ஆயிடும்டி! பத்தரைக்கு ராகுகாலம்!"

புனிதாவும் சின்னபொண்ணுவும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மருமகள் தட்டிலிருந்து இட்லியைப் பெயர்த்துக் கொடுக்க, மாமியார் வாங்கி டப்பாவில் அடுக்கினாள். வாய்தான் சண்டையில் இருந்தது. கைகள் நாலும் ஒற்றுமையாக வேலை பார்த்தன.

ரஞ்சித் கண்ணாடி முன்னால் நின்று மூன்றாவது முறையாகத் தலை சீவினான்.

"டேய், வாயத் தொறந்து நீ ஒண்ணு சொல்லேன்டா."

"இன்னாத்தம்மா சொல்றது? எனக்குப் பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்குது."

"இவளப் பாக்கப் போனப்ப நீ இவ்ளோ சீவல."

புனிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டையில் பாதி பலம் அதோடு போயிற்று.

ரஞ்சித் புதுச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினொரு வருஷம் ஷிப்டு பார்த்தவன். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் சூப்பர்வைசரிடம் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் பதினேழு நாள் உட்கார்ந்துவிட்டு வந்த கதை வாசகர்களுக்கு மறந்திருக்காது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் புனிதா, நைட் டூட்டி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியவள்தான் அவனைக் கண்டுபிடித்தாள். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் டப்பாவையே திறந்து இரண்டு இட்லி சாப்பிட்டாள். "என்ன பண்ணணும்னு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

பழைய கார் ஒன்று வாங்கிக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடவேண்டும் என்றான். இப்போதெல்லாம் மாப்பிள்ளையும் பெண்ணும் பழைய காரில் ஏறி நிற்கத்தான் ஆசைப்படுகிறார்கள், அதற்குச் சென்னையிலிருந்து வண்டி வரவழைக்கிறார்கள் என்றான்.

"ஆரம்பிங்க. பகலோ ராத்திரியோ, நான் கூட நிக்கிறேன்," என்று சொன்னாள் புனிதா.

கண்டமங்கலத்தில் அவள் அப்பா அவளுக்கென்று எழுதி வைத்திருந்த மல்லாட்டைக் கொல்லை, அந்த வேர்க்கடலை நிலம், போன மாதம் கைமாறியது அதற்காகத்தான்.

"அவ பேர்லயே இருக்கட்டும்மா," என்றான் ரஞ்சித். "என் பேர்ல இருந்ததுல எது நின்னுச்சி? செல்போன் நம்பர் ஒண்ணுதான் நிக்குது."

மகன் தன்னைத் தானே குத்திக்கொண்டு பேசினால் சின்னபொண்ணுவுக்குத் தாங்காது. டப்பாவை மூடி, மூடியின் மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"வெளையற கொல்லைய வித்துட்டு ஆமை வண்டி வாங்கப் போவுதுங்க ரெண்டும். ஆமை பூந்த வூடுன்னு ஒரு சொல்லு இருக்குது. படிச்சதுங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியும்?"

"அது ஆமை இல்ல அத்த. ஜெர்மன்காரன் அதுக்கு வண்டுன்னுதான் செல்லப்பேரு வச்சிருக்கான்."

"வண்டுன்னா மட்டும் கடிக்காதா?"

செருப்பு மாட்டும் வரைக்கும் அவள் விடவில்லை. "சாயந்திரம் ஆரத்தி கரைச்சி வச்சிக்கினு வாசல்ல நிப்பேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரெக்டா வந்து சேருங்க. புதுசா ஒண்ணு வூட்டுக்கு வரும்போது வூட்ல விளக்கு எரிஞ்சிக்கினு இருக்கணும். ஜல்தியா வந்து தொலைச்சிடாதீங்க, லேட்டாவும் வந்து நிக்காதீங்க."

புரட்டாசியின் கடைசி வெள்ளிக்கிழமை அது. ஐப்பசி பிறந்துவிட்டால் முகூர்த்தங்கள் வரிசையாக நின்றன.

* * *

திண்டிவனத்தில் வண்டி இருந்த வீட்டின் கொட்டகைக் கதவை சாந்தாமணி அம்மாளே திறந்துவிட்டார். எழுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். நயினார் குடும்பம். செஞ்சிப் பக்கம் நிலம், திண்டிவனத்தில் நெல் வியாபாரம் என்று இருந்த சமணக் குடும்பம். இப்போது மகன் ஸ்ரேயான்ஸ் வெளிநாட்டில். கணவர் புஷ்பதந்தன் தவறிப்போய் மூன்று வருஷம்.

"துணியை அந்தப் பக்கம் புடி தம்பி. இழுக்காத. தூக்கு."

ரஞ்சித் துணியைத் தூக்கினான்.

1959ஆம் வருஷத்து ஃபோக்ஸ்வேகன். நீலம் முக்கி வெளுத்த வேட்டியின் நிறம். உருண்டை முதுகும் உருண்டைக் கண்களுமாக, யாரோ கூப்பிட்டதற்கு இப்போதுதான் தலையைத் தூக்கியது போல நின்றது.

ரஞ்சித் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

முன்பக்க மூடியைத் திறந்து பார்த்த புனிதாதான் முதலில் வாய் திறந்தாள். "ஏங்க, இன்ஜினைக் காணோம்?"

கூட வந்திருந்த மெக்கானிக் துரைக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாந்தாமணி அம்மாள் சிரிக்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்ட பெண்ணுக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"இன்ஜின் பின்னாடி. டிக்கி முன்னாடி. ரேடியேட்டர் கிடையாது, தண்ணியே ஊத்த வேணாம். காத்துலயே ஆறிக்கும். நெய்வேலிக்கு வேலையா வந்த ஒரு ஜெர்மன் இன்ஜினியர் ஊருக்குத் திரும்பறப்ப எங்க மாமனாருக்குக் குடுத்துட்டுப் போனது. தண்ணி கூடக் கேக்காத வண்டின்னு அவருக்கு ஒரே பெருமை."

துரைக்கண்ணு பின்சீட்டைத் தூக்கி, மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்து, டார்ச் அடித்து சேஸிஸ் நம்பரைப் படித்தார். புனிதா ஆர்.சி. புத்தகத்தில் விரல் வைத்துச் சரிபார்த்தாள். ஓர் எண்ணும் பிசகவில்லை. இன்ஜின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போனது.

"டேய் ரஞ்சித்து, ஒரு போல்ட்டு மாத்தலடா. பொறந்த மேனிக்கு இருக்குது. ஓடினதே முப்பத்தோராயிரம் கிலோமீட்டர்தான். கார்புரேட்டரைப் பாரு, பூசை சாமானாட்டம் மின்னுது. எப்படிம்மா?"

"எங்க வீட்டுக்காரரு பெட்ரோலை வடிகட்டித்தான் ஊத்துவாரு."

"பெட்ரோலையா?"

"குடிக்கற தண்ணியை வெள்ளைத் துணியில வடிகட்டறது எங்க வழக்கம். அவரு பெட்ரோலுக்கும் ஒரு துணி வச்சிருந்தாரு. அதுல என்ன உயிர் இருக்கப் போவுதுன்னு நான் கேப்பேன். தூசி இருக்குமே, இன்ஜினுக்கும் தொண்டைதானேம்பாரு."

துரைக்கண்ணு ஹெட்லைட் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்து, உள்ளே எட்டிப் பார்த்தார். நிமிர்ந்து ரஞ்சித்தைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"பல்பு கூட அந்தக் காலத்துதுதான். ஆறு வோல்ட்டு. இது எப்பவோ ஃப்யூஸ் போயிருக்கணுமே. இது எப்படிம்மா?"

"போட்டாத்தானே தேயும்?" என்றார் சாந்தாமணி அம்மாள். 

வண்டியை எதற்கு வாங்குகிறீர்கள் என்று மட்டும் ரஞ்சித்தைக் கேட்டார். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட என்று ஒளிக்காமல் சொன்னான். சொல்லிவிட்டுப் பயந்தான். சென்னைக்காரர், பெங்களூர்க்காரர், கோயம்புத்தூர்க்காரர் என்று மூன்று பேரை இந்த அம்மாள் திருப்பி அனுப்பிய சேதியை துரைக்கண்ணு முன்பே சொல்லியிருந்தார்.

ஆனால் அவர் முகம் மலர்ந்தது. "கல்யாணமா? நல்ல காரியந்தான். கண்ணாடி அலமாரியில பூட்டி வைக்கிறேன்னு சொன்னாரு ஒருத்தரு. இது நல்லா இருக்குது."

பணம் அப்போதே அவர் பேங்குக்குப் போயிற்று. ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஏஜென்ட் வந்து ஃபாரங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். துரைக்கண்ணு, மயிலத்தில் ஒரு டிராக்டர் தனக்காகப் படுத்துக் கிடக்கிறது என்று பைக்கை உதைத்தார். மணி மூன்றரை ஆனபோது ரஞ்சித்தின் போன் அடித்தது. விழுப்புரத்தில் பெரிய கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஆனந்தராஜ். ரஞ்சித் போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

"வண்டி யார் பேர்ல மாறுதும்மா?" என்று கேட்டார் சாந்தாமணி அம்மாள்.

"என் பேர்லதாம்மா."

"அப்ப நீதான். உள்ள வா."

* * *

பூஜை அலமாரியில் கருங்கல்லில் சிறிய தீர்த்தங்கரர் சிலை. முன்னால் வெள்ளைப் பூ நாலு. வேறு அலங்காரம் இல்லை.

"எங்க வீட்டுக்காரரு ஒரு நேமம் எடுத்திருந்தாரு, விரதம் மாதிரி. பொழுது சாஞ்சா அந்த வண்டியை எடுக்கறதில்லைன்னு."

"ஏம்மா?"

"லைட்டு போட்டா பூச்சிங்க வந்து விழும் இல்ல? வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரம் மாமனாரு ராத்திரியில ஓட்டிக்கினு வந்திருக்காரு. காலையில துடைக்கச் சொன்னது இவரைத்தான். கண்ணாடி, பம்பர் முழுக்கப் பூச்சி. அப்ப இவரு சின்னப் பிள்ளை. துடைச்சி முடிச்சிட்டு வந்து, இனிமே இந்த வண்டிக்கு ராத்திரி வேணாம்னு சொன்னவருதான். கடைசி வரைக்கும் மாத்தலை. வழியில பொழுது சாஞ்சா அங்கேயே நிறுத்திட்டுப் படுத்துக்குவாரு."

புனிதா அலமாரிப் பக்கம் நகர்ந்து நின்றாள்.

"எனக்குப் பிரசவ வலி எடுத்தது ராத்திரி எட்டு மணிக்கு," என்றார் சாந்தாமணி அம்மாள். "வண்டி வாசல்ல நிக்குது. மனுஷன் ஓடிப் போய் எதிர் வீட்டு மாட்டு வண்டியைக் கட்டிக்கினு வந்தாரு."

"அய்யோ!"

"நானும் அதைத்தான் கத்தினேன். வேற என்னென்னமோ கூடச் சொன்னேன். டீச்சர் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம்."

"கோவம் வரலியாம்மா?"

"வராம? ஒரு மாசம் அவரோட பேசலை." அவர் பூவின் மேல் கிடந்த ஓர் எறும்பை விரல் நுனியில் ஏற்றித் தரையில் விட்டார். "ஆனா அதுக்கப்புறம் அந்த மனுஷன் சொன்ன எந்தச் சொல்லையும் நிசமான்னு நான் ரெண்டாவது வாட்டி கேட்டதில்லை."

தெருவில் ரஞ்சித்தின் சிரிப்புச் சத்தம் கேட்டது. போன் பேசும்போது அவன் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று புனிதா நினைத்தாள்.

"அந்த நேமத்தை எடுத்துக்கறவங்களுக்குத்தான் வண்டி. பொழுது சாஞ்சா எடுக்கறதில்லை, லைட்டு போடறதில்லை. உன் பேர்ல இருக்கற வரைக்கும். வந்தவங்ககிட்ட எல்லாம் கேட்டேன். மெட்ராஸ்காரரு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள சரி சரின்னாரு. அவ்ளோ ஜல்தியா சரின்னு சொல்றவரு எப்படி நிப்பாரு? மத்த ரெண்டு பேரு சிரிச்சாங்க. நீ சிரிக்கலை."

"ஓட்டப் போறது அவருதாம்மா. எனக்கு ஸ்கூட்டிதான் தெரியும்."

"வண்டி யாருது?"

"என்னுது."

"அப்ப சொல்லும் உன்னுதுதான்."

புனிதா யோசித்தாள். பணம் போய்விட்டது, அதனால் சரி என்று சொல்லத் தோன்றவில்லை. வேண்டாம் என்றால் இந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்றும் தெரிந்தது. வாசலில் ரஞ்சித் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கல்யாணத்துக்கு இது ஒண்ணும் குறுக்க நிக்காது," என்றார் சாந்தாமணி அம்மாள். "நாங்க ராத்திரியில சாப்பிடறதில்லை. எங்க வீட்டுக் கல்யாணத்துல பொழுது சாயறதுக்குள்ள கடைசிப் பந்தியே எழுந்துடும். உங்களுக்கும் முகூர்த்தம் காலையிலதானே?"

"ஆமாம்மா. காலையிலதான்."

அவள் வீட்டிலும் முகூர்த்தம் காலை ஆறரைக்குத்தான் நடந்தது. தாலி, அட்சதை, பனி விலகாத காலை. அதுதான் அந்த நேரத்தில் அவள் கண்ணில் நின்றது.

கைகளைக் குவித்தாள். பொழுது சாய்ந்தால் வண்டியை எடுப்பதில்லை என்று சொன்னாள்.

சாந்தாமணி அம்மாள் சாவியை எடுத்துத் தந்தார். ஒரு டீச்சருக்கே உரிய அவசரத்தோடு அடுத்த பாடத்துக்குப் போனார். "பெட்ரோல் முள்ளு கிடையாது. திடீர்னு இருமிச்சின்னா கால்கிட்ட ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பி விடச் சொல்லு. ரிசர்வ். இப்ப மணி நாலு. ஆறு மணிக்குத்தான் பொழுது சாயும். தாராளமா போய்ச் சேரலாம்."

புனிதா சாவியோடு வாசலுக்கு வந்தாள்.

"கண்டிப்பாண்ணே! வர்ற புதன்கிழமைதானே? ஏழு மணிக்கு ஷார்ப்பா வண்டி கோயில் வாசல்ல நிக்கும்ணே. மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம வண்டி வந்தா பேண்டு செட்டே தேவையில்ல, பாருங்க!"

புனிதாவின் கையில் சாவி கனத்தது.

ராத்திரி ஏழு மணி. மாப்பிள்ளை அழைப்பு. அவளுடைய கல்யாணத்திலும் அது முதல் நாள் ராத்திரிதானே நடந்தது? அலங்கரித்த காரில் ரஞ்சித் கோயிலிலிருந்து வந்து இறங்கியதை அவள் மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் திட்டு வாங்கினாளே? அது எப்படி மறந்தது?

ரஞ்சித் போனை அணைத்துவிட்டு, அவள் கையிலிருந்த சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

* * *

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் ஊரே அதைத் திரும்பிப் பார்த்தது. ஓர் அரசு பஸ் டிரைவர் தேவையே இல்லாமல் இரண்டு ஹாரன் அடித்தார். ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போன பெண்கள் கை காட்டினார்கள். ரஞ்சித்தும் முதலமைச்சர் மாதிரிக் கை காட்டினான்.

"ஆனந்தராஜ் அண்ணன் இன்னா சொன்னாரு தெரியுமா?"

"என்ன சொன்னாரு?"

"புதன்கிழமை ஒரு தடவை பாப்பாராம். புடிச்சிருந்தா ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் அவரு மண்டபத்துல நடக்கற எல்லாக் கல்யாணத்துக்கும் நம்ம வண்டிதானாம். வேற எவனுக்கும் போன் பண்ண மாட்டாராம். மாப்பிள்ளை அழைப்பு, பொண்ணு அழைப்பு, ரிசப்ஷன்…"

"காலையில முகூர்த்தத்துக்கு?"

"காலையில எவன் காரைப் பாக்கறான்? பந்தியில எடம் புடிக்க ஓடிக்கினு இருப்பானுங்க. ராத்திரிதான் புனிதா நம்ம பொழப்பே. சீரியல் லைட்டு, வாணவேடிக்கை, மேல ட்ரோன் கேமரா. அதுல இது மெல்ல ஊர்ந்துக்கினு வரணும். கண்ணை மூடிக்கினு நெனச்சிப் பாரேன்."

"நீங்க கண்ணைத் தொறந்து ஓட்டுங்க."

அவன் சிரித்தான். அவள் வெளியே பார்த்தாள். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அவன் சீட்டியடிக்க ஆரம்பித்தான். மறுபடி திறந்தாள்; "அம்மா பாக்கட்டும், ஆமைன்னு சொன்ன வாயால அழகுன்னு சொல்லும்," என்றான். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் மடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தவன்தானா இது?

வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமியது. குலுங்கியது. நின்றுவிட்டது.

ரஞ்சித் பதறிக்கொண்டு இறங்கினான். ஓரமாகத் தள்ளி நிறுத்தி, பின்பக்கத்தைத் திறந்து பார்த்தான். எதைத் தொட்டாலும் சுட்டது. துரைக்கண்ணுவுக்கு அடித்தான், எடுக்கவில்லை. டிராக்டருக்கு அடியில் இருந்திருப்பார். ஒயர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, "தம்பி, ரேடியேட்டர்ல தண்ணி இருக்குதா பாரு," என்று ஆலோசனை சொல்லி, ரேடியேட்டரே இல்லை என்று தெரிந்ததும் ஏமாந்து போய் ஏறிக்கொண்டார்.

"முதல் நாளே பேஜாரு பண்ணுதே புனிதா. ஆமை பூந்த வூடுன்னு அம்மா சொன்னது…"

புனிதா ஒரு மைல் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமையைப் பற்றித்தான் அவளுக்கு நினைப்பெல்லாம். முழுதாக அரை மணி நேரம் போன பிறகுதான், யாரோ மணி அடித்தது போல நிமிர்ந்தாள்.

"ஏங்க! கால்கிட்ட ஒரு திருகு இருக்கும்னாங்க. ரிசர்வ்! பெட்ரோல்தாங்க!"

ரஞ்சித் குனிந்து தேடித் திருகினான். சாவியைத் திருப்பினான். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல வண்டி முழங்கியது.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எங்க வச்சிருக்க நெனப்ப?"

மணி ஐந்து பத்து. அடுத்த பங்கில் பெட்ரோல் போட்டார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசை. வண்டியில் ஃபாஸ்டேக் ஒட்டு இல்லை என்பதை விட, பணம் வாங்க வந்த பையன்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு செல்பி எடுத்துக்கொண்டதில்தான் நேரம் போயிற்று. ரஞ்சித் வேண்டாம் என்று சொல்லவில்லை. "போடுங்க தம்பி, ஸ்டேட்டஸ்ல போடுங்க, நம்பரையும் சேத்துப் போடுங்க," என்றான்.

வெயில் மஞ்சளாகி, சிவந்து, பனைமரங்களின் கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. எதிரே வந்த பஸ்ஸில் விளக்கு எரிந்தது.

முண்டியம்பாக்கம் வந்தது. வலது பக்கம் சூரியன் இருந்த இடத்தில் சிவப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. ரஞ்சித்தின் இடது கை விளக்குப் பொத்தானைத் தேடியது.

"நிறுத்துங்க."

"இன்னா ஆச்சி?"

"ஓரமா நிறுத்துங்க. லைட்டு போடாதீங்க."

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடைப் பக்கம் நிறுத்தினான். "டூட்டி மாத்த யாரையாவது பாக்கணுமா? ரெண்டு நிமிஷத்துல வா. அம்மா நிக்கும்."

புனிதா இறங்கவில்லை. மடியில் இருந்த ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பூஜை அலமாரி, நேமம், மாட்டு வண்டி எல்லாம். முகூர்த்தம் காலையில்தானே என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொன்னதையும் விடாமல் சொன்னாள்.

மதியம் அங்கே ஒரு மழை பெய்திருக்க வேண்டும். ஈர மண்ணிலிருந்து ஈசல் கிளம்பியிருந்தது. டீக்கடையின் டியூப்லைட்டைச் சுற்றி மொய்த்தது. கடைக்காரர் பால் சட்டியை மூடிவிட்டு, விளக்குக்குக் கீழே ஒரு வாளித் தண்ணீரை வைத்தார். விழுந்தவை விழுந்தபடி மிதந்தன.

ரஞ்சித் கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை.

"எட்டே கிலோமீட்டர், புனிதா."

"தெரியும்."

"அந்தம்மா இங்க வந்து நின்னு பாக்கப் போறாங்களா?"

"அவங்க பாக்க மாட்டாங்க. நான் பாப்பேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"நீங்க போன்ல இருந்தீங்க."

"போன்ல யாருக்காகப் பேசிக்கினு இருந்தேன்?"

அவள் பதில் சொல்வதற்குள் அந்தப் போனே அடித்தது. சின்னபொண்ணு. ஸ்பீக்கர் போடாமலே அவள் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"டேய், எங்கடா இருக்கீங்க? விளக்கு வச்சிட்டேன். ஆரத்தித் தட்டோட நின்னு கை வலிக்குது. பக்கத்து வூட்டு ஜனமெல்லாம் வந்து நிக்குது. எதிர் வூட்டு பாஞ்சாலி வேற, ஆமை மெல்லத்தான வரும்னு சிரிக்கறா!"

"வந்துக்கினே இருக்கோம்மா. முண்டியம்பாக்கம்."

"அங்க இன்னாடா வேலை?"

"வர்றோம்மா," என்று அணைத்தான்.

ரஞ்சித் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"பிரசவ வலியில கூட எடுக்கலியா அந்த ஆளு?" என்று கேட்டான்.

"எடுக்கலியாம்."

"அதுக்கு அந்தம்மா இன்னா பண்ணாங்களாம்?"

"ஒரு மாசம் பேசலியாம்."

ரஞ்சித் மூக்கால் லேசாகச் சிரித்தான். "அவங்களுக்கு ஒரு மாசம் இருந்தது. எனக்குப் புதன்கிழமை வரைக்குந்தான் இருக்குது."

"ஆனந்தராஜ் அண்ணன்கிட்ட நானே பேசறேங்க."

"இன்னான்னு பேசுவ? எங்க வண்டிக்கு மாலைக்கண்ணுன்னா?"

அதற்குச் சிரிப்பதா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஓர் ஈசல் முன் கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது. இறகு ஒன்று ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. ரஞ்சித்தின் விரல் மறுபடி விளக்குப் பொத்தானின் மேல் போயிற்று. ஓர் இழுப்புதான். பொத்தானைப் பார்த்தான். ஈசலைப் பார்த்தான். விரலை எடுத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கண்ணாடியை உள்ளங்கையால் துடைக்காமல், சுண்டுவிரலால் அதை மெல்லத் தள்ளிவிட்டான். அது பறந்து டீக்கடைப் பக்கமே போயிற்று.

சாவியைத் திருப்பினான். இன்ஜின் அடங்கியது. சாவியை உருவி, அவள் மடியில் ஆர்.சி. புத்தகத்தின் மேல் வைத்தான்.

ஆஸ்பத்திரி வாசல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. வண்டிக்குள் மட்டும் இருட்டு. அவன் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"கூட நிக்கிறேன்னு பஸ் ஸ்டாண்டுல எனக்கும் ஒரு வாக்கு குடுத்தியே, புனிதா," என்றான். குரலில் கோபமே இல்லை. "அதுவும் பொழுது சாயற வரைக்குந்தானா?"